பழைய காத்து மெசினின் பெறுமதி

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாடசாலை ஆசிரியர் என்றால் பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ளதும் தெரிந்தவர் என்றொரு நம்பிக்கை இன்னும் மிஞ்சியிருக்கிறது. காணி உறுதியை வாசித்துப் பொருள் சொல்வது, பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, மத்திய கிழக்குக்குப் போகும் பிள்ளையின் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்ப்பது என்று எத்தனையோ வேலைகள் வாசலுக்கு வரும். இவற்றில் எதற்கும் ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பயிற்சி தரப்படவில்லை. ஆனாலும் 'எனக்குத் தெரியாது' என்று ஒரு மாஸ்டர் சொன்னால் ஊர் அதை நம்பாது. தட்டிக் கழிக்கிறார் என்றே எண்ணும்.

2024 ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையொன்றில் அப்படி வந்த வேலைதான் ஒரு பழைய கொம்ப்ரஷருக்கு விலை தீர்ப்பது. எங்கள் ஊரில் அதற்குக் 'காத்து மெசின்' என்று பெயர்.

கடற்கரை வீதியில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் டயர் ஒட்டிக் கொடுத்து வந்த காக்கா ஒருவர் அதற்கு முந்திய வருடம் மௌத்தானார். கடை பூட்டிக் கிடந்தது. டியூப், ஒட்டுப் போடும் றப்பர், பசை முதலியவற்றைக் கடனுக்குத் தந்து வந்த வியாபாரிக்கு அவர் 60,000 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. வியாபாரி நல்ல மனிதர், நெருக்கவில்லை. ஆனால் காக்காவின் மனைவிக்கு, நான் ராத்தா என்று அழைப்பவருக்கு, அந்தக் கடன் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மௌத்தானவரின் தலையில் கடனை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது என்பது அவருடைய கேள்வி. விற்கத்தக்கதாகக் கடையில் இருந்த பெரிய சாமான் அந்தக் காத்து மெசின் ஒன்றுதான்.

வாங்க வந்தவன் என்னிடம் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த பையன். கட்டாரில் நான்கு வருடம் நின்றுவிட்டு ஊருக்கு வந்து சொந்தமாக டயர் கடை திறக்க நினைத்திருந்தான். ராத்தாவின் தம்பி 90,000 கேட்டார். பையன் 45,000 சொன்னான். இடையில் வந்த பழைய இரும்பு வாங்குபவர் மெசினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "32 தாறன், இப்பவே ஏத்துறன்" என்றாராம். மூன்று பேரும் மூன்று விலை சொன்னதால் நடுவில் ஒருவர் வேண்டும் என்று இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிட்டார்கள்.

மெசினைப் பார்க்க முன்னர் இந்த விலைகள் எங்கிருந்து வந்தன என்று விசாரித்தேன். ராத்தாவின் தம்பி அக்கரைப்பற்றில் ஒரு கடையில் புதிய மெசினின் விலையைக் கேட்டிருக்கிறார். 150 லீற்றர் தாங்கியும் 2 குதிரைவலு மோட்டாரும் பெல்ட்டும் கொண்டது 145,000 ரூபா. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கேட்பது நியாயம் என்பது அவர் கணக்கு. பையனின் 45,000 அவன் கையில் ஒதுக்கி வைத்திருந்த தொகை. அது மெசினின் விலையல்ல, அவனுடைய சட்டைப் பையின் விலை. இரும்புக்காரர் சொன்னது செம்பும் வார்ப்பிரும்பும் நிறைக்குப் போனால் என்ன கிடைக்கும், அப்படியே கைமாற்றினால் என்ன கிடைக்கும் என்பதை மனதில் வைத்துச் சொன்னது.

ராத்தா வேறொரு கணக்கு வைத்திருந்தார். "தம்பி, அவரு இத தொண்ணூத்தெட்டுல 28,000 குடுத்து வாங்கினவரு. அப்பவே பழசுதான். இப்ப அதுக்குக் குறைய எப்பிடிக் குடுக்கிற?" என்றார்.

இந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. 1998 இல் ஒரு டொலர் 65 ரூபா அளவில் இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் அது 200 ரூபாவை ஒட்டி நின்றது. அதே வருடம் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிறகு சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இந்த மெசின்கள் எல்லாம் இறக்குமதிச் சாமான்கள். மெசின் வருடா வருடம் கிழடாகிறது உண்மைதான். ஆனால் நம்முடைய ரூபா அதைவிட வேகமாகக் கிழடாகிவிட்டது. அதனால்தான் 28,000 கொடுத்து வாங்கி, கால் நூற்றாண்டு உழைத்த ஒரு சாமானுக்கு 45,000 சொன்னாலும் குறைவாகத் தெரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களையே எல்லோரும் ஓட்டினார்கள். பழைய வாகனம் ஓடினால் டயர் ஒட்டும் வேலையும் ஓடும், காத்து மெசினுக்கும் கிராக்கி இருக்கும். வாங்கிய விலையை வைத்தோ புதிய விலையை வைத்தோ மட்டும் இந்தச் சாமானை மதிப்பிட முடியாது என்பது எனக்கு அங்கேயே விளங்கியது. அதன் ஒவ்வொரு உறுப்பும் இன்னும் என்ன செய்யும் என்று பார்த்தே ஆக வேண்டும்.

காத்து மெசின் உண்மையில் மூன்று சாமான்களின் கூட்டு. ஒன்று மோட்டார். மற்றது அதோடு பெல்ட்டால் தொடுக்கப்பட்ட பம்பு, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கிக் காற்றை நெருக்கும் பகுதி. மூன்றாவது அந்தக் காற்று அடைபட்டிருக்கும் தாங்கி. மோட்டார் எரிந்தால் சுருள் கட்டலாம். பம்பின் ரிங் தேய்ந்தால் ரிங் மாற்றலாம், வால்வுத் தகடு உடைந்தால் புதிது போடலாம். வார்ப்பிரும்புப் பம்பானால் சிலிண்டரைக் கடைந்தும் எடுக்கலாம். ஆனால் தாங்கி அப்படியல்ல. அது உள்ளே இருந்து தேய்கிறது. வெளியே நின்று பார்ப்பவனுக்குப் பெயின்ட்தான் தெரியும்.

நாங்கள் போனபோது பையன் பிளக்கைச் செருகக் கையெடுத்தான். ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும் என்பது அவன் நினைப்பு. "கொஞ்சம் பொறு மகன்" என்று தடுத்து, முதலில் தாங்கியின் அடியிலுள்ள தண்ணீர் திறக்கும் பூட்டைத் திறக்கச் சொன்னேன். காற்றில் எப்போதும் நீராவி உண்டு. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் அது இன்னும் அதிகம். நெருக்கப்பட்ட காற்று தாங்கிக்குள் குளிரும்போது அந்த நீராவி தண்ணீராகி அடியில் தேங்கும். தினமும் திறந்து விட்டால் தாங்கி நெடுங்காலம் நிற்கும். விடாமல் வைத்தால் அடித்தகடு துருப்பிடிக்கும். காக்கா தினமும் மாலையில் திறந்துவிடுவதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அவர் நோயில் கிடந்த மாதங்களிலும் மௌத்தான பின்பும் அதைத் திறக்க யார் இருந்தார்கள்? பூட்டைத் திறந்ததும் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்தது. அதைத் தொடர்ந்து நகத்தின் பருமனில் துருச் செதில்கள் வந்தன.

வெறும் நிறம் மாறிய தண்ணீர் பெரிய விடயமல்ல. எல்லாப் பழைய தாங்கியிலும் வரும். செதில் வருவதுதான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அது தாங்கியின் தகட்டிலிருந்து கழன்ற இரும்பு. நான் கீழே குந்தி அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். கால் ஒட்டப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பெயின்டின் கீழே உள்ளங்கை அளவில் ஒரு மேடு தட்டுப்பட்டது. பெயின்டைச் சுரண்டியபோது தெரிந்தது, தகட்டின் மேல் இன்னொரு தகடு வைத்து வெல்டிங் பண்ணிய ஒட்டு.

அந்த ஒட்டின் கதை ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது கடை போய்விட்டது. இலங்கையில் சுனாமிக்கு மிகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். அந்தக் குடும்பத்திலும் ஒரு பிள்ளை போனது. சில நாட்களுக்குப் பின் கடை இருந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் தள்ளி, மண்ணுக்குள் புதைந்து கிடந்த மெசினைக் காக்கா தோண்டி எடுத்தார். மோட்டாரைக் கல்முனையில் சுருள் கட்டினார். பம்பைக் கழற்றி டீசலில் கழுவினார். தாங்கியின் அடியில் எதிலோ மோதி நெளிந்து துளைத்திருந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டார். நிவாரண வரிசையில் நிற்கப் பிடிக்காத மனிதர், அந்த மெசினை வைத்துத்தான் மீண்டும் எழும்பினார். ராத்தா கேட்ட விலைக்குள் இந்தக் கதையும் அடங்கியிருந்தது. அதற்கு விலை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விலையை வாங்குபவன் கொடுக்க வேண்டும் என்று சொல்லவும் முடியவில்லை.

ஒட்டைக் கண்டதும் ராத்தாவின் தம்பி என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "மாஸ்டர், இருவது வருஷமா வெடிக்காதது இனியா வெடிக்கப் போகுது? நீங்க வாயத் திறக்காம இருந்தா காரியம் முடிஞ்சிரும். ஒரு கோட் பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்? கடன் அடைக்கிறதும் நன்மதானே" என்றார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று நான் எண்ணவில்லை. தமக்கையின் கண்ணீரைத் தினமும் பார்ப்பவர். பழுதை மறைத்து விற்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல, அதைச் சின்ன வயதில் மதரஸாவிலேயே நாங்கள் எல்லோரும் ஓதியிருக்கிறோம். ஆனால் அவர் அந்தப் பழுதை ஓட்டை விழுந்த சட்டியின் பழுதைப் போல் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல மண்ணில் ஒரு குச்சியால் கீறி அவருக்குக் கணக்குச் சொன்னேன்.

இந்த மெசின் 8 பார் அமுக்கத்தில், நம்மவர் பேச்சில் 115 இறாத்தல் அளவில், தானாக நிற்கும். அப்போது தாங்கிக்குள் வெளிக்காற்றைப் போல் ஒன்பது மடங்கு காற்று நெருங்கியிருக்கும். தாங்கியின் குறுக்களவு 40 சென்ரிமீற்றர். அதன் இரண்டு பக்க மூடிகளில் ஒவ்வொன்றையும் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 10 தொன் பாரத்துக்குச் சமமான விசையால் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 3 மில்லிமீற்றர் தகடு அதைத் தாங்கும். துரு தின்று தகடு பாதியாகிவிட்டால் மிஞ்சியிருக்கும் இரும்பின் மேல் இழுவை இரண்டு மடங்காகிவிடும். தாங்கி ஒரேயடியாகக் கிழிந்தால் வெளிப்படும் சக்தி, ஆயிரம் கிலோ பாரத்தை ஐந்து மாடி உயரத்திலிருந்து கீழே போடுவதற்கு ஒப்பானது. டயர் கடையில் அந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? பையன் இருப்பான். டயர் ஒட்டக் கொண்டுவந்தவர் வாங்கில் இருப்பார். பாடசாலை விட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்க வரும் என்னுடைய பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்ன செய்யிற எண்டு சொல்லுங்க" என்றார்.

செய்ய வழி இருந்தது. தாங்கியைத் தண்ணீரால் சோதிக்கலாம். காற்றால் சோதிப்பது ஆபத்து, தண்ணீரால் சோதிப்பது அப்படியல்ல. போயிலின் விதியைப் படித்த எவருக்கும் காரணம் புரியும். காற்று நெருக்க நெருக்கச் சுருங்கும், விட்டால் பாயும். தண்ணீர் சுருங்குவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு மிகச் சிறிதே சுருங்கும். ஆகவே தண்ணீர் நிறைந்த தாங்கி கிழிந்தாலும் பாய்வதற்குச் சக்தி அதில் சேர்ந்திருக்காது, கசிவதோடு முடியும். குழாய் வேலை செய்யும் ஒருவர் தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்க வைத்திருக்கும் கைப்பம்பைக் கொண்டு வந்தார். பம்பையும் மோட்டாரையும் கழற்றி வைத்துவிட்டு, மேல் துவாரத்தால் தாங்கியை விளிம்பு வரை நிரப்பினோம். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் நிற்காதபடி சரித்துச் சரித்து வெளியேற்றினோம். வேலை செய்யும் அமுக்கம் 8 பார் என்றால் சோதனைக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 பார் வரை ஏற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது என்று முடிவு.

12 வரை போகவே இல்லை. ஊசி 9 ஐத் தாண்டும்போது ஒட்டின் ஓரத்தில் வியர்வை போல நீர் துளிர்த்தது. கைப்பம்பை நிறுத்தினோம். ஊசி தானாக இறங்கியது. துளிகள் ஒட்டைச் சுற்றிக் கோடாகச் சேர்ந்து சொட்டத் தொடங்கின. அதைப் பார்க்க எல்லோரும் குனிந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா வெளியே வந்து பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மனிசன் இருவது வருஷம் இதுக்குப் பக்கத்துலதான் குந்தி இருந்தாரு. அல்லாஹ்தான் காப்பாத்தி இரிக்கான்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இத யாருக்கும் குடுக்க வேணாம் தம்பி, வெட்டிப் போடுங்க" என்றார். விலை குறையும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

தாங்கியின் கதை அப்படி முடிந்தது. மற்ற இரண்டு சாமான்களின் விலையை இனிச் சரியாகப் பார்க்க வேண்டிய பொறுப்பு கூடிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் அடுத்த தெருவில் உள்ள கராஜ்காரர் தன் மெசினின் தாங்கியை இரவல் தந்தார். அது 100 லீற்றர், துரு இல்லாதது, நல்ல சேப்டி வால்வு உள்ளது. எங்கள் பம்பையும் மோட்டாரையும் ஒரு மரச்சட்டத்தில் பூட்டி, சூடு தாங்கும் கம்பி பின்னிய குழாயால் அதோடு இணைத்தோம்.

ஓட்ட முன்னர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் பெயாரிங் போய்விட்டது என்று அர்த்தம். இல்லை. எண்ணெய் பார்க்கும் துவாரத்தில் எண்ணெய் கறுப்பாக இருந்தது, பால் போல வெளுத்திருக்கவில்லை. வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மோட்டாரின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தோம். எரிந்த வாடை இல்லை, செம்புச் சுருள்.

பம்பில் இருந்த தகட்டில் நிமிடத்துக்கு 250 லீற்றர் என்று எழுதியிருந்தது. பழைய மெசின் வாங்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். அது பெரும்பாலும் பிஸ்டன் வாரி எடுக்கும் கனவளவுதான். வால்விலும் சூட்டிலும் இடுக்கிலும் இழந்தது போக, இவ்வகைப் பம்பு புதிதாக இருக்கும்போதே அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் தாங்கிக்குள் போகும். இதற்கு 165 லீற்றர் அளவில் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது எவ்வளவு தருகிறது என்று அறிய ஒரு கடிகாரம் போதும். தாங்கியின் கனவளவை ஏறிய அமுக்கத்தால் பெருக்கி, எடுத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். 100 லீற்றர் தாங்கி வெறுமையிலிருந்து 7 பாருக்கு ஏற 5 நிமிடம் எடுத்தது. 700 ஐ 5 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 140 லீற்றர். முப்பது வயது தாண்டிய பம்புக்கு அது நல்ல மூச்சு. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வேலிக்கு வெளியே நின்று இந்தக் கணக்கை எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

காற்று வெளிவரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்துப் பார்த்தோம். எண்ணெய்ப் புள்ளிகள் மிகச் சில. ரிங் இன்னும் சில வருடம் தாங்கும். மெசின் கடையில் இருந்தபோது மோட்டார் நின்ற பின்பும் சுவிச்சடியில் காற்று 'ஸ்ஸ்' என்று போய்க்கொண்டே இருக்கும் என்று ராத்தாவின் தம்பி சொன்னார். அது காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வின் பழுது. சிறிய செலவு. பெல்ட்டும் வெடித்திருந்தது, மாற்ற வேண்டும்.

பிறகு கணக்குப் போட்டோம். கல்முனையில் இரண்டு கடைகளில் பழைய உதிரிகளின் விலையை விசாரித்து, அதன்படி மோட்டாருக்கு 18,000, பம்புக்கு 27,000, சுவிச், மீற்றர், குழாய் முதலியவற்றுக்கு 5,000. அதில் வால்வுக்கும் பெல்ட்டுக்கும் 4,000 கழித்தால் 46,000. தாங்கி இரும்பாக நிறைக்குப் போகும், ஏறக்குறைய 3,000.

பையன் முகத்தைச் சுருக்கினான். "சேர், தாங்கியோட சேத்துத்தானே நான் 45 கேட்டன். இப்ப தாங்கி இல்லாம 46 ஆ?" என்றான்.

"நீ 45 கேட்டது பார்க்காமல் சொன்ன விலை மகன். பார்த்த பிறகு பம்பின் பெறுமதி கூடியிருக்கிறது, தாங்கியின் பெறுமதி இல்லாமல் போயிருக்கிறது. ஓர் இடத்தில் உனக்காக உண்மையைச் சொன்னால், மற்ற இடத்தில் ராத்தாவுக்காகவும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்" என்றேன். அவன் யோசித்தான். பம்பு உடைந்து மூலையில் கிடந்த மெசினொன்றின் நல்ல தாங்கியை கராஜ்காரர் 15,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொன்னார். அதையும் அதே கைப்பம்பால் 12 பாருக்கு ஏற்றி அரை மணி நேரம் வைத்தோம். ஊசி அசையவில்லை. எல்லாம் சேர்ந்து 61,000. புதியதன் பாதி விலைக்கும் குறைவு. பையன் பிந்திய 15,000 ஐ இரண்டு மாதத்தில் தருவதாகக் கராஜ்காரரிடம் தவணை பேசிக்கொண்டான்.

ராத்தாவுக்குக் கிடைத்தது 49,000. கடனுக்கு இன்னும் 11,000 தேவை. கடைக்குள் ஒருமுறை நன்றாகத் தேடும்படி சொன்னேன். சாக்கொன்றின் கீழே 3 தொன் ஜெக் ஒன்றும், டியூப்பை அவித்து ஒட்டும் இரும்பு ஒன்றும் கிடந்தன. காத்து மெசினையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவற்றை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. கராஜ்காரர் இரண்டையும் 14,000 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டார். கடன் அடைந்தது, 3,000 மிஞ்சியது.

தாங்கியை வெட்டும்போதும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. உள்ளே எண்ணெய் ஆவி நிற்கும் ஒரு கலனை மூடியபடி நெருப்பால் வெட்டக் கூடாது. எல்லாத் துவாரங்களையும் திறந்து, தண்ணீர் நிரப்பி, அதன் பிறகே வெட்டினோம். முழுதாகக் கொடுத்தால் நாளை யாரோ ஒருவர் பெயின்ட் அடித்து விற்றுவிடலாம் என்பதால் இரண்டு துண்டாக்கித்தான் இரும்புக்காரரின் லொறியில் ஏற்றினோம். வெட்டிய வாயில் விரலை வைத்துப் பார்த்தபோது, அடிப்பக்கத் தகடு சில இடங்களில் பிஸ்கட் டின்னின் தகட்டைப் போல மெலிந்திருந்தது. ராத்தாவின் தம்பியும் விரலை வைத்துப் பார்த்தார்.

நம்முடைய நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட வளித்தாங்கிகளை அதிகாரம் பெற்ற அலுவலர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நான் போய்வந்த எந்தத் தெருவோர டயர் கடையிலும் அப்படியொரு சான்றிதழ் தொங்கக் கண்டதில்லை. அங்கே தாங்கியைப் பார்ப்பவர் விற்பவரும் வாங்குபவரும் மட்டுமே. இருவருக்கும் பணமுடை. இருவருக்கும் அதைப் பாராமல் விடுவதில் உடனடி இலாபம் இருக்கிறது. ஆகவே மூன்றாவது ஆளாக நிற்பவருக்கு விலை சொல்வதை விடப் பெரிய வேலை ஒன்று வந்து சேர்கிறது.

அதன் பிறகு என்னிடம் தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, தோணி எஞ்சின் என்று விலை கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாவற்றையும் அறிந்தவன் நானல்ல. அறிந்தவர் யார் என்று காட்டி அனுப்புகிறேன். ஆனால் எவருக்கும் முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன். இந்தச் சாமானில் எந்த உறுப்பு பழுதானால் பணம் மட்டும் போகும், எந்த உறுப்பு பழுதானால் ஆள் போவான்? முதலாவதைப் பேரம் பேசலாம், கூட்டலாம், குறைக்கலாம். இரண்டாவதில் பேரம் இல்லை. அது நன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு இரும்பு விலை மட்டும்தான்.

பையனின் கடை இப்போது பாடசாலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. மாலையில் நான் திரும்பும் நேரத்தில் அவன் தாங்கியின் அடிப்பூட்டைத் திறந்து தண்ணீரை விடுவான். சுவரில் சோக்கட்டியால் திகதியும் எழுதி வைக்கிறான். வரிசையில் நிற்கும் பிள்ளைகள், ஏன் தண்ணீர் வருகிறது என்று அவனிடம் கேட்கிறார்கள். அவன் சொல்லிக் கொடுக்கிறான்.